கார் கராஜில் நிற்கிறது, மச்சானின் காரை ஓட்ட வேண்டும்: தற்காலிக இன்சூரன்ஸ் எது சரி?

#1 ஹரோ24

அண்ணைமார், அக்காமார், வணக்கம். அவசரக் கேள்வி.

என் கார் பெஜோ 208, 1.2 பியூர்டெக் டர்போ, 2017, 71,000 மைல். லண்டனைச் சுற்றும் எம்25 மோட்டர்வேயில் போகும்போது சிவப்பு ஆயில் லைட் எரிந்து, எஞ்சினை நிறுத்தச் சொல்லிச் செய்தி வந்தது. அதற்கு முதலே பிரேக் பெடல் கல்லு மாதிரி இறுகியிருந்தது. ரிக்கவரிக்காரர் ஹரோவில் ஒரு கராஜில் இறக்கிவிட்டார். கராஜ்காரர் "ஒரு கிழமை ஆகலாம், கூடவும் ஆகலாம்" என்கிறார்.

எனக்கு ஹீத்ரோவில் இரவு வேலை, 10 மணியிலிருந்து 6 மணி வரை. மச்சான் தன் கோல்ஃபைத் தருகிறார்: 2.0 டீசல், 2012. என் இன்சூரன்ஸ் ஃபுல்லி கொம்ப்பிரிஹென்சிவ். வயது 24. டெஸ்ட் பாஸ் பண்ணி இன்னும் இரண்டு வருடம் ஆகவில்லை.

என் இன்சூரன்சில் அவரின் காரை ஓட்டலாமா, தற்காலிக இன்சூரன்ஸ் எடுக்க வேண்டுமா? எடுத்தால் எத்தனை நாளுக்கு?

#2 கிராய்டன்காரர்

ஃபுல்லி கொம்ப் என்றால் மற்றவரின் காரையும் ஓட்டலாம் தம்பி. எல்லாரும் அப்படித்தான் ஓடுகினம். வீணாகக் காசு கட்டாதேங்கோ.

#3 பத்திரம்படி

#2-ஐத் தயவுசெய்து நம்ப வேண்டாம். ஃபுல்லி கொம்ப்பிரிஹென்சிவ் என்பது உங்கள் காருக்குள்ள பாதுகாப்பின் அளவு. மற்றவரின் காரை ஓட்டும் அனுமதி வேறு ஒரு சேர்க்கை. பல கம்பனிகள் இப்போது அதைக் கொடுப்பதேயில்லை. கொடுப்பவர்களும் பெரும்பாலும் 25 வயதுக்கு மேற்பட்ட பாலிசிதாரருக்குத்தான் கொடுக்கிறார்கள். ஹரோ24-க்கு 24. அநேகமாக அந்தக் கதவு பூட்டு.

பார்க்க வேண்டிய இடம் பாலிசிப் புத்தகம் அல்ல, சேர்ட்டிஃபிகேட். அதில் "ஓட்ட அனுமதிக்கப்பட்டவர்கள்" என்ற பகுதியில், பாலிசிதாரர் தனக்குச் சொந்தமில்லாத, வாடகைக்கு எடுக்காத காரை ஓட்டலாம் என்று ஒரு வரி இருக்க வேண்டும். வரி இல்லையென்றால் அனுமதியும் இல்லை. போனில் ஒருவர் "ஓம், இருக்கும்" என்று சொன்னதை வைத்து ஓடக்கூடாது.

வரி இருந்தாலும் அது தேர்ட் பார்ட்டி மட்டும். மச்சானின் கோல்ஃபை நீங்கள் மதிலில் இடித்தால் மதிலுக்குப் பணம் கிடைக்கும், கோல்ஃபுக்கு ஒரு சதமும் இல்லை. அந்தக் காருக்கு அதன் சொந்தக்காரரின் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும் என்றும் பல கம்பனிகள் நிபந்தனை போடும். இன்னொன்று: உங்கள் 208-ஐ விற்றாலோ ஸ்கிராப் பண்ணினாலோ இந்தச் சேர்க்கையும் அதோடு போய்விடும். இது அவசரத்துக்கு ஒரு தரம் ஓட்டுவதற்கு வைத்த ஏற்பாடு, தினமும் வேலைக்குப் போக அல்ல.

பிடிபட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் அந்த இடத்திலேயே 300 பவுண், லைசன்சில் 6 புள்ளி. கோர்ட்டுக்குப் போனால் அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை. முதல் டெஸ்ட் பாஸ் பண்ணி இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி வந்தால் லைசன்ஸ் ரத்து. திரும்பவும் புரொவிஷனல் (பழகுநர் லைசன்ஸ்), தியரி, பிராக்டிக்கல் எல்லாம் முதலிலிருந்து. கார் கொடுத்த மச்சானுக்கும் "ஓட்ட அனுமதித்த குற்றம்" என்று 6 முதல் 8 புள்ளி வரலாம். காரைப் பொலிஸ் தூக்கினால் சாதாரணக் காருக்கு 192 பவுண், அதோடு நாளுக்கு 26 பவுண் தரிப்புக் கூலி.

#4 கிராய்டன்காரர்

சரி, 25 விசயம் எனக்குத் தெரியாது. ஆனால் மச்சானின் காருக்கு இன்சூரன்ஸ் இருக்குத்தானே, கமராவில் எப்படிப் பிடிப்பினம்?

#5 பத்திரம்படி

கமரா பிடிக்காதுதான். நம்பர் பிளேட் கமரா பார்ப்பது காருக்கு ஏதாவது பாலிசி இருக்கிறதா என்று மட்டும். ஆனால் பின் லைட் எரியவில்லை என்று மறித்தாலே போதும். பொலிஸ்காரர் டேட்டாபேசில் யார் யார் ஓட்டலாம் என்று பார்ப்பார், உங்கள் பெயர் இருக்காது. இடிபாடு ஒன்று நடந்தால் கமராவே தேவையில்லை.

#6 பழைய_ஸ்பனர்

எத்தனை நாளுக்கு எடுப்பது என்று கேட்கிறீங்கள். அதை இன்சூரன்ஸ்காரர் சொல்ல ஏலாது, எஞ்சின்தான் சொல்லும். முதலில் காரைப் பார்ப்பம்.

பிரேக் இறுகினது, பிறகு ஆயில் லைட். இந்த இரண்டும் இந்த வரிசையில் வந்தால் இந்த எஞ்சினில் பெரும்பாலும் டைமிங் பெல்ட்தான். பெல்ட் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது, வெட் பெல்ட். பெற்றோல் ஆயிலில் கலந்து கலந்து ரப்பர் ஊதி, வெடித்து, தூள் தூளாக உதிரும். குறுகிய ஓட்டம், பிந்திய ஆயில் சேஞ்ச், பிழையான ஆயில், மூன்றும் சேர்ந்தால் இன்னும் கெதி. அந்தத் தூள் இரண்டு இடத்தில் போய் அடைக்கும். ஒன்று பிரேக் வேக்குவம் பம்புக்குப் போகிற ஆயில் வழியின் சின்ன வலை. பிரேக் இறுகினது அதனால்தான்: பெடலை அமுக்க உதவுகிற சேர்வோவுக்கு வேக்குவம் இல்லை. மற்றது சம்புக்குள், அதாவது எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டிக்குள், இருக்கிற ஆயில் பிக்கப் ஸ்ட்ரெய்னர் என்ற வலை. அது அடைத்தால் ஆயில் பிரஷர் விழும், சிவப்பு லைட் எரியும்.

கராஜ்காரரிடம் இந்த வரிசையில் கேளுங்கோ:

முதலாவது, எஞ்சினைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கோ. "சத்தம் கேட்பம்" என்று இரண்டு நிமிசம் ஓட விட்டால் பேரிங்கும் டர்போவும் போகலாம்.

இரண்டாவது, ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றினால் பெல்ட் தெரியும். டோர்ச் அடித்து வெடிப்பு, விளிம்பில் பிசிறு பார்க்கலாம். பெல்ட்டின் அகலம் அளக்க ஒரு கேஜ் இருக்கு, மூடி ஓட்டையால் விட்டு வைத்துப் பார்ப்பது. கேஜ் பெல்ட்டில் இறங்கி உட்காராவிட்டால் பெல்ட் ஊதிவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

மூன்றாவது, சம்பைக் கழற்றி ஸ்ட்ரெய்னரைப் பார்க்க வேண்டும். சம்பைக் கழற்றாமல் "பிரஷர் சென்சர் மாற்றினால் சரி" என்று யாராவது சொன்னால் காரை வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கோ. பிறகு பிரஷர் சென்சரின் இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் பூட்டி உண்மையான பிரஷரை அளக்க வேண்டும். சென்சர் சொல்வது வேறு, கேஜ் சொல்வது வேறு.

இப்ப நாள் கணக்கு. ஸ்ட்ரெய்னர் கழுவி, வேக்குவம் பம்ப் வலை துப்புரவாக்கி, பெல்ட் கிட், ஆயில், ஃபில்டர் மாற்றி பிரஷர் சரியாக வந்தால் வேலை ஒன்று இரண்டு நாள். சாமான் வர இரண்டு மூன்று நாள். ஒரு கிழமைக்குள் கார் கையில். பேரிங் அடித்திருந்தாலோ டர்போ போயிருந்தாலோ கதை வேறு: பாவித்த எஞ்சின் தேடி, பொருத்தி, மூன்று நாலு கிழமை போகும்.

ஆகவே இன்றைக்கே 28 நாளுக்குக் காசு கட்டாதேங்கோ. சம்பைக் கழற்றும் வரைக்கும் கொஞ்ச நாளுக்கு எடுங்கோ. சம்புக்குள் மினுங்கும் உலோகத் துகள் இருந்தால் நீண்டது எடுங்கோ. கறுப்பு ரப்பர் மட்டும் என்றால் ஒரு கிழமை போதும்.

#7 கோவை_ரெடிங்

பழைய_ஸ்பனர் சொன்னதோடு ஒன்று. பெஜோவின் தாய்க் கம்பெனி ஸ்டெலாண்டிஸ் 2024-ல் இந்த எஞ்சினுக்கு, பெல்ட் சீக்கிரம் தேய்வதற்கும் ஆயில் அதிகம் குடிப்பதற்கும், 10 வருடம் அல்லது 1,75,000 கி.மீ. வரை உத்தரவாதத்தை நீட்டுவதாக ஐரோப்பாவில் அறிவித்தது. 71,000 மைல் என்பது சுமார் 1,14,000 கி.மீ. 2017 கார். இரண்டு கணக்கிலும் உள்ளேதான் இருக்கீங்க.

அதனால் லோக்கல் கராஜ் சம்பில் கை வைப்பதற்கு முன்னாடி, வின் நம்பரை (காரின் அடையாள எண்) எடுத்துக்கிட்டு பெஜோ டீலருக்கு ஒரு போன். சர்வீஸ் எல்லாம் நேரத்துக்குச் செய்ததற்கு பில் கேட்பாங்க, பில்லில் ஆயில் கிரேடும் இருக்கணும். டர்போ எஞ்சினுக்கு 0டபிள்யூ-30, பிஎஸ்ஏ பி71 2312. பில்லில் வெறும் "ஃபுல்லி சிந்தெடிக்" என்று எழுதியிருந்தால் வாதாட வேண்டி வரும். லோக்கல் கராஜ் பிரிச்சுப் போட்ட பிறகு டீலரிடம் போனால், "ஆதாரம் எங்கே" என்பான்.

ஆனா தம்பி, டீலர் வழி போனால் நாள் கூடும். ஒர்க்‌ஷாப்பில் இடம் கிடைக்கவே ரெண்டு வாரம் ஆகலாம். இன்சூரன்ஸ் நாள் கணக்கில் அதையும் சேருங்க.

#8 பத்திரம்படி

நாள் கணக்கு ஓரளவு தெரிகிறது. இப்போது வழிகளைப் பார்ப்போம்.

தனியான தற்காலிக பாலிசி. பொதுவாக 1 மணி நேரம் முதல் 28 நாள் வரை எடுக்கலாம். உங்கள் பெயரில், மச்சானின் காருக்கு. பெரும்பாலும் கொம்ப்பிரிஹென்சிவ். மச்சானின் வருடப் பாலிசி பக்கத்தில் அப்படியே இருக்கும். நீங்கள் இடித்தால் கோரிக்கை உங்கள் தற்காலிக பாலிசியில் போகும், அவருடைய நோ கிளெயிம் போனஸ் (கோரிக்கை இல்லாத வருடங்களுக்குக் கிடைக்கும் கழிவு) தப்பும். உங்கள் நிலைமைக்கு இதுதான் என் தேர்வு.

மச்சானின் பாலிசியில் உங்களை நேம்ட் டிரைவராக, அதாவது பெயர் குறித்த கூடுதல் ஓட்டுநராக, சேர்ப்பது இரண்டாவது. 24 வயது, புது லைசன்ஸ் என்றால் கூடுதல் பிரீமியம் கேட்பார்கள். சேர்க்க ஒரு கட்டணம், பிறகு நீக்க இன்னொரு கட்டணம் வரலாம். நீங்கள் இடித்தால் அடிபடுவது அவரின் போனஸ். மூன்று மாதம் ஓட்டுவதென்றால் யோசிக்கலாம், இரண்டு கிழமைக்கு வேண்டாம்.

உங்கள் பாலிசியை 208-இலிருந்து கோல்ஃபுக்குக் கொஞ்ச நாள் மாற்றுவது மூன்றாவது. சில கம்பனிகள் செய்யும். மலிவாகத் தெரியும். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து 208-க்கு இன்சூரன்ஸ் இல்லை. இங்கே 2011-லிருந்து நடைமுறையில் உள்ள விதி: பதிவான காருக்கு எப்போதும் இன்சூரன்ஸ் இருக்க வேண்டும், அல்லது சோர்ன் (கார் ரோட்டில் இல்லை என்ற அறிவிப்பு) கொடுத்து ரோட்டுக்கு வெளியே வைக்க வேண்டும். ஓடாமல் நின்றாலும் விதி ஒன்றுதான். கடிதம் வரும், பிறகு 100 பவுண் அபராதம். கராஜ்காரர் இடம் இல்லையென்று காரை ரோட்டோரம் நிறுத்தினால் சோர்னும் உதவாது.

அதனால்தான் சொல்கிறேன்: பழுதான காரின் இன்சூரன்சைக் கான்சல் பண்ண வேண்டாம். "ஓடவே இல்லையே, ஏன் கட்ட வேண்டும்" என்ற எண்ணம்தான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது.

கடைசியாக கோர்ட்டசி கார். உங்கள் பாலிசியில் இருந்தாலும் கிடைக்காது. அது விபத்துக் கோரிக்கைக்கு, கம்பனியின் கராஜில் கார் திருத்தும் நாட்களுக்கு. எஞ்சின் பழுது விபத்து அல்ல. திருத்துகிற கராஜ் தன் காரைக் கடன் தந்தால், அவர்களின் தொழில் பாலிசியில் நீங்களும் அடங்குகிறீர்களா, நீங்களே இன்சூரன்ஸ் எடுக்க வேண்டுமா என்று எழுத்தில் கேளுங்கள். மேசையில் சாவியைத் தள்ளிவிட்டு "எல்லாம் சரி" என்பவர்கள் உண்டு.

#9 ஹரோ24

மிக்க நன்றி. முதலாவது வழிதான் போகிறேன். ஃபோம் நிரப்பும்போது எங்கே பிழை விடுவார்கள்?

#10 பத்திரம்படி

பிழை வரும் இடங்கள் எனக்கு மனப்பாடம்.

நம்பர் பிளேட்டில் ஓ எழுத்தும் பூச்சியமும் மாறும். நிரப்பியதும் திரையில் வரும் கார் மொடலும் வருடமும் கோல்ஃபுடையதுதானா என்று பாருங்கள். வேறு ஒருவரின் காருக்கு இன்சூரன்ஸ் எடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

விலாசம் லைசன்சில் உள்ளதோடு பொருந்த வேண்டும். வீடு மாறி டீவிஎல்ஏ-க்கு (லைசன்ஸ் அலுவலகம்) அறிவிக்காதவர்களுக்கு இங்கே சிக்கும். அறிவிப்பது இலவசம், முதலில் அதைச் செய்துவிட்டு வாருங்கள்.

தொடங்கும் நேரத்தை நீங்கள் குறிப்பதுதான். பின்னோக்கித் தேதி போட முடியாது. சாவியை வாங்கி ஓட்டத் தொடங்கும் நேரத்துக்குச் சற்று முன்பாகப் போடுங்கள். முடியும் நேரத்தில்தான் இரவு வேலைக்காரருக்குப் பொறி: ஏழாம் நாள் நள்ளிரவு 11:59-க்கு முடியும்படி எடுத்தால் காலை 6 மணிக்கு ஹீத்ரோவிலிருந்து வீடு வருவது இன்சூரன்ஸ் இல்லாமல். மணிக்கணக்கில் தொடங்கும் பாலிசியை காலை 9 மணி என்று தொடங்கினால் முடிவதும் காலை 9 மணி.

பாவனை வகை. சமூக, குடும்பப் பாவனை மட்டும் என்றால் வேலைக்குப் போவது அடங்காது. வேலைக்குப் போய்வருவது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலானவற்றில் சேர்ந்தே வரும், எல்லாவற்றிலும் அல்ல.

காரின் மதிப்பைக் கூட்டிப் போட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எக்செஸ், அதாவது கோரிக்கையில் நீங்களே ஏற்க வேண்டிய முதல் தொகை, எவ்வளவு என்று பணம் கட்டுமுன் பாருங்கள். தற்காலிக பாலிசியில் எக்செஸ் வருடப் பாலிசியை விடப் பெரிதாக இருப்பது வழக்கம். 2,500 பவுண் பெறுமதியான கோல்ஃபுக்கு 1,000 பவுண் எக்செஸ் என்றால், சின்னக் கீறலெல்லாம் உங்கள் சட்டைப்பையிலிருந்துதான்.

சாதாரண இன்சூரன்சில் 14 நாள் யோசித்துத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. ஒரு மாதத்துக்குக் குறைந்த பாலிசிக்கு அந்த உரிமை கிடையாது. 208 மூன்றாம் நாளே திருந்தி வந்தாலும் மிச்ச நாளுக்குக் காசு வராது. இதையும் வைத்துத்தான் பழைய_ஸ்பனர் சொன்னபடி முதலில் கொஞ்ச நாளுக்கு எடுக்கச் சொல்கிறேன். ஒரு நாளின் விலை நாள் கூடக் கூடக் குறையும், அது உண்மை. மூன்று தரம் 3 நாள் எடுப்பது ஒரு தரம் 10 நாள் எடுப்பதைவிட விலை கூடலாம். இரண்டுக்கும் விலை போட்டுப் பாருங்கள்.

சேர்ட்டிஃபிகேட் மின்னஞ்சலில் வரும். போனில் படமாகச் சேமியுங்கள். மிகக் குறுகிய பாலிசி டேட்டாபேசில் ஏறுமுன்பே முடிந்துவிடலாம். மறித்தால் காட்ட அதுதான் கையில் இருக்கும்.

#11 ஈஸ்ட்ஹாம்_அக்கா

தம்பி, எல்லாரும் இன்சூரன்சையே பார்க்கிறார்கள். அந்தக் கோல்ஃப் 2012 டீசல்! அதன் புகைத் தரம் யூரோ 5. யூலெஸ் (கூடப் புகை விடும் கார்களுக்கு லண்டனில் கட்டணம் அறவிடும் வலயம்) விதிக்கு டீசல் என்றால் யூரோ 6 வேண்டும், பெரும்பாலும் 2015 செப்டம்பருக்குப் பிறகு வந்த கார்கள். பெற்றோல் என்றால் யூரோ 4 போதும், 2006-க்குப் பிந்தியவை பெரும்பாலும் சரி. 2023 ஓகஸ்ட் 29-லிருந்து லண்டனின் எல்லா பரோவும் யூலெசுக்குள். ஹரோவும் உள்ளே, ஹீத்ரோ இருக்கிற ஹில்லிங்டனும் உள்ளே. நாளுக்கு 12.50 பவுண்.

உங்களுக்கு இரவு வேலை. யூலெஸ் நாள் நள்ளிரவிலிருந்து நள்ளிரவு. திங்கள் இரவு 9:15-க்குப் புறப்பட்டால் திங்களுக்கு ஒன்று, செவ்வாய் காலை திரும்பி வரும்போது செவ்வாய்க்கு ஒன்று. ஐந்து இரவு தொடர்ந்து வேலை என்றால் ஆறு நாள், 75 பவுண். நிறுத்தி வைத்திருக்கும் நாளுக்கு இல்லை, ஓட்டும் நாளுக்குத்தான். ஓடிய நாளுக்குப் பிறகு மூன்றாம் நாள் நள்ளிரவு வரை கட்டலாம். தவறினால் 180 பவுண், 14 நாளுக்குள் கட்டினால் பாதி. அந்தக் கடிதம் மச்சானின் வீட்டுக்குத்தான் போகும். பிறகு மச்சானிடம் நீங்கள் பேச்சு வாங்க வேண்டியிருக்கும்.

டிஎஃப்எல் (லண்டன் போக்குவரத்துச் சபை) இணையத்தில் நம்பர் பிளேட்டைப் போட்டால் கட்ட வேண்டுமா என்று உடனே தெரியும். அதோடு அரச இணையத்தில் எம்ஓடி (வருடப் பரிசோதனை), ரோட் டாக்ஸ் இரண்டும் நடப்பில் உண்டா என்றும் பாருங்கள். வெறும் நம்பர் போதும்.

வேறு யாரிடமாவது பெற்றோல் யாரிஸ் கிடையாதா?

#12 ஹரோ24

அக்கா, இது யோசிக்கவேயில்லை. சித்தப்பாவிடம் 2009 பெற்றோல் யாரிஸ் உண்டு. இணையத்தில் பார்த்தேன், கட்டணம் இல்லை என்கிறது. தற்காலிக பாலிசி ஃபோமில் மொட்டபிலிட்டி காரா (உடற்குறைபாடு உள்ளவர்களுக்கான திட்டக் கார்) என்று ஒரு கேள்வி. இல்லை, சொந்தக் கார்தான் என்று சித்தப்பா சொல்கிறார். அது ஏன் முக்கியம்?

#13 பத்திரம்படி

மொட்டபிலிட்டித் திட்டக் காரை அதன் பாலிசியில் பெயர் உள்ளவர் மட்டும்தான் ஓட்டலாம். வெளியே தற்காலிக பாலிசி எடுத்து ஓட்ட முடியாது. லீஸ், பிசிபி (தவணை ஒப்பந்தம்) கார் என்றால் ஒப்பந்தத்தில் யார் ஓட்டலாம் என்று பார்க்க வேண்டும். சொந்தக் கார் என்றால் அவருடைய அனுமதி போதும். வி5சி-யில், அதாவது காரின் பதிவுப் பத்திரத்தில், கீப்பராகப் பெயர் அவருடையதுதானா என்று ஒரு பார்வை பாருங்கள், ஃபோமில் சொந்தக்காரர் யார், கீப்பர் யார் என்று கேட்கலாம்.

வேகக் கமரா அடித்தால் 14 நாளுக்குள் கடிதம் சித்தப்பாவுக்குப் போகும். யார் ஓட்டினார் என்று அவர் எழுதிக் கொடுக்காவிட்டால் அவருக்கு 6 புள்ளி. எந்த நாள், எத்தனை மணிக்கு நீங்கள் எடுத்தீர்கள், திருப்பிக் கொடுத்தீர்கள் என்று வாட்ஸப்பில் ஒரு வரி அனுப்பி வைத்தால் இருவருக்கும் நல்லது. எரிபொருள் அளவும் மைலும் தெரிகிற மாதிரி டாஷ்போர்டை ஒரு படம்.

#14 ஞாயிறு_டெலிவரி

இடையில் ஒரு கேள்வி. என் காரும் ஒர்க்‌ஷாப்பில். நண்பர் காருக்குத் தற்காலிக பாலிசி எடுத்து வார இறுதி ஃபுட் டெலிவரி பண்ணலாமா?

#15 பத்திரம்படி

பொதுவான தற்காலிக பாலிசியில் முடியாது. காசுக்குச் சாமான் கொண்டு போவதும், ஆள் ஏற்றுவதும் தெளிவாக விலக்கப்பட்டிருக்கும். டெலிவரிக்கென்று தனியாக மணிக்கணக்கில் விற்கும் பாலிசிகள் உண்டு. அவற்றில் சில, காருக்கு ஏற்கெனவே சாதாரண பாலிசி உங்கள் பெயரில் இருந்தால்தான் அதன் மேல் கூடுதலாகக் கிடைக்கும். நண்பர் காரில் அது பொருந்தாது. பொருந்துகிறதா என்று தேடுங்கள், இல்லையென்றால் அந்த வார இறுதியை விடுங்கள்.

#16 கோவை_ரெடிங்

லைசென்ஸ் பற்றியும் ஒரு வரி. இந்தியா, இலங்கை லைசென்சில் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம். இரண்டு நாட்டு லைசென்சையும் இங்கே நேராக மாற்றிக்கொள்ள முடியாது, டெஸ்ட் எழுதணும். அந்த 12 மாதத்துக்குள்ளும் பல தற்காலிக கம்பெனிகள் யூகே லைசென்ஸ் மட்டும்தான் எடுப்பாங்க. வெளிநாட்டு லைசென்ஸ் எடுக்கிற கம்பெனியைத் தேடி, கேள்விக்கு உண்மையான பதிலைக் கொடுங்க. 'யூகே ஃபுல்' என்று டிக் பண்ணி வாங்கின பாலிசி, இடிச்ச அன்னைக்கு வெறும் காகிதம்.

வாடகைக் காரும் ஒரு வழி. ஆனா 24 வயசுக்கு பல கம்பெனிகள் இளம் டிரைவர் கட்டணம் போடும், டெபாசிட்டுக்கு கிரெடிட் கார்டு கேட்கும், டீவிஎல்ஏ செக் கோடு கேட்கும். அந்தக் கோடு 21 நாள் செல்லும், ஒரே ஒரு தடவை.

#17 பழைய_ஸ்பனர்

பிரேக்டவுண் கவர் என்ன மாதிரி எடுத்திருக்கிறீங்கள் ஹரோ24? சிலவற்றில் "ஒன்வர்ட் டிராவல்" என்று இருக்கும்: அன்றைக்கே திருத்த ஏலாவிட்டால் இரண்டு மூன்று நாள் வாடகைக் கார், அல்லது ரயில் காசு, அல்லது ஹோட்டல். அதை ரிக்கவரி வந்த நேரத்திலேயே கேட்க வேணும். கார் கராஜில் இறங்கி நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு கேட்டால் பெரும்பாலும் இல்லை என்பினம். இருந்தாலும் இன்றைக்கே ஒரு போன் அடித்துப் பாருங்கோ.

மற்றது, கவர் ஆளுக்கா காருக்கா என்று பாருங்கோ. ஆளுக்கு என்றால் யாரிசில் போகும்போதும் உதவி வரும். 208-க்கு மட்டும் என்றால் யாரிஸ் நடுவழியில் நின்றால் நீங்கள் தனிய. 2009 கார். எடுக்குமுன் பற்றரியை ஒருக்கால் அளவுங்கோ. இரவு நின்ற பிறகு மல்ட்டிமீற்றரில் 12.6 வோல்ட் என்றால் முழுசு, 12.2 என்றால் அரைவாசி, 12-க்குக் கீழே என்றால் குளிர் காலையில் கைவிடும். எஞ்சின் ஓடும்போது 13.8-க்கும் 14.7-க்கும் இடையில் வர வேணும். வராவிட்டால் ஓல்ட்டனேற்றர் அல்லது அதன் பெல்ட். புதுக் கார்களில் சார்ஜ் கூடிக் குறையும், இந்தக் கணக்கை அதில் பொருத்தாதேங்கோ.

வீல் நட் சாவி (திருட்டுக்குப் பூட்டிய நட்டைக் கழற்றும் துண்டு) எங்கே இருக்கு என்றும் சித்தப்பாவிடம் கேட்டு வையுங்கோ. டயர் பஞ்சரான இரவில் ரிக்கவரிக்காரர் முதலில் கேட்பது அந்தச் சாவியைத்தான். ஸ்பெயர் வீல் இருந்தும் அது இல்லாமல் கார் பிளாட்பெட்டில் ஏறுவது வாரம் ஒன்றாவது நடக்கும்.

#18 ஈஸ்ட்ஹாம்_அக்கா

எம்25-இல் நின்றவர் என்பதால், வாசிப்பவர்களுக்காகவும் சொல்கிறேன். சிவப்பு லைட் எரிந்தால் அடுத்த எக்சிட்டோ எமர்ஜென்சி ஏரியாவோ மிகக் கிட்ட இருந்தால் மட்டும் அங்கே போங்கள். அதற்கும் வாய்ப்பில்லையென்றால் இடப்பக்க ஓரம். ஹசார்ட் லைட், வீல் இடப்பக்கம் திரும்பி இருக்கட்டும். இடப்பக்கக் கதவால் எல்லாரும் இறங்கி கம்பித் தடுப்புக்குப் பின்னால், காருக்கு முன்பக்கம் அல்ல, வாகனங்கள் வரும் பக்கமாகச் சற்றுத் தள்ளி நில்லுங்கள். இடித்தால் உங்கள் கார் முன்னோக்கித்தான் பாயும். மோட்டர்வேயில் முக்கோணம் வைக்கப் போக வேண்டாம். சாதாரண ரோட்டில் 45 மீட்டர் பின்னால் வைக்கலாம்.

ஓடும் லேனில் நின்றுவிட்டால், இறங்கிப் போகப் பாதுகாப்பில்லையென்றால் பெல்ட் போட்டபடி உள்ளே இருந்து 999. மற்றபடி நாஷனல் ஹைவேஸ் 0300 123 5000. இடம் சொல்ல ரோட்டோர நீலப் பலகையைப் பாருங்கள். எம்25-இல் ஏ என்றால் கடிகாரச் சுற்று, பி என்றால் எதிர்ச்சுற்று. "வட்ஃபோர்டுக்குக் கிட்ட" என்று சொன்னால் எந்தப் பக்கம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? எமர்ஜென்சி ஏரியாவிலிருந்து திரும்ப ரோட்டில் ஏறுமுன் ஆரஞ்சுப் போனில் சொல்ல வேண்டும்.

#19 ஹரோ24

நிலைமை: டீலர் வின் நம்பரைப் பார்த்துவிட்டு சர்வீஸ் பில் எல்லாம் அனுப்பச் சொன்னார். ஒரு பில்லில் ஆயில் கிரேட் இல்லை, அந்தக் கராஜிடம் பழைய இன்வொய்ஸ் கொப்பி கேட்டிருக்கிறேன். லோக்கல் கராஜ்காரரிடம் இப்போதைக்குக் காரைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சித்தப்பாவின் யாரிசுக்கு 5 நாள், காலை 9 மணியிலிருந்து காலை 9 மணி, வேலைப் பயணம் சேர்த்து எடுத்தேன். எக்செஸ் 500. 208-இன் பாலிசி அப்படியே இருக்கு. யாரிசின் பற்றரி 12.3.

டீலர் மறுத்தால் லோக்கலில் செய்வேன். செய்து முடித்து எடுக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

#20 பழைய_ஸ்பனர்

12.3 என்றால் ஒரு இரவு சார்ஜரில் போடுங்கோ, போதும்.

எடுக்கும்போது: பழைய பெல்ட்டையும் ஸ்ட்ரெய்னரின் படத்தையும் கேளுங்கோ. ஸ்ட்ரெய்னர் கழுவுமுன் ஒன்று, கழுவின பிறகு ஒன்று. வேக்குவம் பம்பின் வலையும், வால்வ் டைமிங் சொலனொயிட் வலைகளும் பார்த்ததா என்று பில்லில் எழுதிக் கேளுங்கோ, பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு இவற்றை விடுகிற ஆட்கள் இருக்கினம். சூடான எஞ்சினில் ஐடிலிலும் 2,000 சுற்றிலும் அளந்த ஆயில் பிரஷர், கேஜ் எண்ணோடு. பில்லில் ஆயில் கிரேட் முழுப் பெயரில். எஞ்சினே மாற்றினால் புது எஞ்சின் நம்பரை வி5சி-யில் மாற்றி, இன்சூரன்சுக்கும் சொல்ல வேணும்.

கராஜ் வாசலை விடுமுன் எஞ்சினை நிறுத்தி, பிரேக் பெடலை மூன்று நாலு தரம் அமுக்கி இறுக்கிவிட்டு, காலை வைத்தபடி ஸ்டார்ட் பண்ணுங்கோ. பெடல் காலுக்குக் கீழே கொஞ்சம் இறங்க வேணும். இறங்காவிட்டால் சேர்வோவுக்கு வேக்குவம் இன்னும் வரவில்லை, சாவியைத் திரும்பக் குடுத்துவிட்டு யாரிசிலேயே வீட்டுக்குப் போங்கோ. இறங்கினால் எடுத்துப் போகலாம், ஆனால் ஆயிரம் மைலில் ஆயிலும் ஃபில்டரும் திரும்ப மாற்றி, ஃபில்டரை வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கோ. மூலைமுடுக்கில் மிஞ்சின ரப்பர்த் தூள் அதில்தான் வந்து நிற்கும்.

#21 பத்திரம்படி

5 நாள் முடிய ஒரு நாள் இருக்கும்போதே அடுத்ததற்கு விலை பாருங்கள். சில கம்பனிகள் ஒரே ஆளுக்கு, ஒரே காருக்குத் தொடர்ந்து இத்தனை நாள்தான் என்று வரம்பு வைத்திருக்கும். அந்த வரம்பு காலை 8:50-க்குத் தெரியவந்தால் பிறகு பஸ்தான்.